ஐயாயிரம் வெள்ளிக் கோலம்

கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் லோரி சின்னையா வீடு எது என்று கேட்டால் முன்பெல்லாம் சாலை முனையிலேயே கை காட்டுவார்கள். துறைமுகத்திலிருந்து இருபத்தெட்டு வருஷமாகக் கொண்டேனர் இழுக்கிற மனிதர். அவர் ஹாரன் சத்தத்துக்குத் தெரு நாய்கூட எழுந்து வழி விடும். இன்றைக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள், "லோஷினி வீடா?" என்று திருப்பிக் கேட்பார்கள். இருபத்திரண்டு வயதுப் பெண் அப்பன் பெயரை ஓரங்கட்டியிருக்கிறாள். அது தானாக வந்து மடியில் விழுந்த பெயர் இல்லை. கையாலும் காலாலும் வாயாலும் சம்பாதித்த பெயர். அதில் வாய்க்குத்தான் பங்கு கொஞ்சம் கூடுதல்.

பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாளே வேலைக்குப் போனவள் அவள். கூடப் படித்ததுகள் முடிவு வரும் வரை மல்லாந்து படுத்துக் கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, இவள் துறைமுகக் கிடங்கில் நின்று பெட்டி பெட்டியாக ஸ்கேன் பண்ணினாள். முதல் மாதச் சம்பளத்தில் வீட்டுக்குத் துணி துவைக்கும் மிஷின் வந்து இறங்கியது. கோலாலம்பூரில் பல்கலைக்கழக இடம் கிடைத்தபோதும் சரக்குப் போக்குவரத்துப் படிப்பையே எடுத்தாள். அப்பா லோரி ஓட்டுகிறார், லோரி ஓட்டுகிறவர்களை நான் ஓட்டுகிறேன் என்று அவள் சொன்னது அன்று சாயங்காலத்துக்குள் பண்டமாரான் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது.

பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், பந்தாய் டாலாமில் ஐந்து பெண்கள் சேர்ந்து எடுத்த வீட்டில் ஓர் ஓரம் அவளுக்கு. மாதம் இருநூறு வெள்ளி வாடகை; ரிங்கிட்டுக்கு இங்கே வெள்ளி என்றுதான் பேர். படிக்கிற பிள்ளைக்கு அப்படி என்ன செலவு என்று வீட்டில் இருப்பவர்கள் கேட்பார்கள். வந்து பார்த்தால்தான் தெரியும். அரசாங்கப் படிப்புக் கடன் கணக்கில் விழுந்த வாரம் பல்கலைக்கழகமே கல்யாண வீடாகிவிடும். முந்தின நாள் வரை மெகி மீ நூடுல்ஸைப் பாதியாக உடைத்துத் தின்றவன் அன்றைக்குக் கொரியக் கோழிக் கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பான். பதினைந்து வெள்ளிப் பால் தேநீர் ஆளுக்கொரு கையில் குலுங்கும். மூன்றாவது வாரம் மறுபடி மெகி. நான்காவது வாரம் எந்தக் கோயிலில் அன்னதானம் என்று வாட்ஸ்அப்பில் விசாரணை. பிரிக்பீல்ட்ஸில் எந்தக் கிழமை எங்கே சோறு போடுவார்கள் என்பதைப் பாடத்தைவிடத் தெளிவாக மனப்பாடம் செய்த வருங்காலப் பொறியியலாளர்கள் அங்கே நிறையப் பேர்.

லோஷினி கையை விரித்துச் செலவழித்தது ஒரே ஒரு தடவை. இருநூற்று நாற்பது வெள்ளிக்கு ஒரு ஜோடிக் காலணி வாங்கினாள். வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நாள் முழுக்க நின்று சம்பாதிக்கிறவளுக்குக் கால் போனால் எல்லாமே போச்சு என்பது உட்கார்ந்து படிக்கிற அதுகளுக்கு எப்படிப் புரியும்.

அவள் பார்க்காத வேலை இல்லை. நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன். பிரிக்பீல்ட்ஸில் கைப்பேசிக் கடை வாசலில் கரடி வேஷம். மணிக்குப் பத்து வெள்ளி, உள்ளே இட்லி மாதிரி வெந்து போவாள். சனி ஞாயிறுகளில் கல்யாண மண்டபம். பன்னீர் தெளிப்பாள், பந்தியில் பரிமாறுவாள், மாப்பிள்ளை அழைப்புக்கு ஆலாத்தித் தட்டு தூக்குவாள். ஒரு மண்டபத்துக்கு எழுபது வெள்ளி, மிச்சமான பாயசம் தனி.

ஆனால் அவள் கண்ணைத் திறந்தது அரிசிக் கோலம்தான். தீபாவளி வந்தால் இந்த ஊர் மால்களில் நடுக்கூடத்தில் சாயம் ஏற்றிய அரிசியால் பெரிய கோலம் போடவைப்பார்கள். சீனர், மலாய்க்காரர், வெள்ளைக்காரர் எல்லாரும் சுற்றி நின்று படம் எடுப்பார்கள். கோலக் குத்தகைக்காரர்களில் அய்யாவு என்பவர் பேர்போனவர்; கலர் அய்யாவு என்றால் எல்லாருக்கும் தெரியும். லோஷினியின் முதல் வருஷத்தில் அவளையும் சேர்த்து அவரிடம் பன்னிரண்டு மாணவர்கள் காலையிலிருந்து மாலை வரை குனிந்த இடுப்பு நிமிராமல் அரிசி தூவினார்கள். ஆளுக்கு எண்பது வெள்ளி, ஒரு பொட்டலம் மீ கோரேங் நூடுல்ஸ். மால் கொடுத்தது ஆறாயிரம் என்று காவலாளி ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். ரயிலில் திரும்பும்போது லோஷினி விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தாள். மிச்சம் எங்கே போனது என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அது அய்யாவுவின் புது வேனாக வாசலில் நின்றது.

இரண்டு வருஷம் பொறுத்தாள். மூன்றாம் வருஷம் பொறுக்க முடியாத ஒரு சங்கதி வந்தது. கடைசி செமெஸ்டருக்கான பணத்துக்காக அப்பா ஞாயிற்றுக்கிழமைகளிலும் தெற்குக் கோடி ஜொகூருக்கு லோரி ஓட்ட ஒத்துக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டாள். வாரத்தில் ஆறு நாள் ஓட்டுகிற மனிதர். முதுகுக்குப் பட்டை கட்டிக்கொண்டு ஏறுகிறவர். லோஷினி போன் போட்டு, வர்ற மாசத்திலிருந்து உங்க காசு எனக்கு வேணாம்ப்பா, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் படுங்கள் என்றாள். பணம் கையில் வந்ததும் சொல்லு, படுக்கிறேன் என்று சின்னையா லைனைத் துண்டித்தார். லோரிக்காரர் பேச்சு அப்படித்தான், பிரேக் போட்ட மாதிரி நிற்கும்.

இனிக் கோலத்தைக் கூலிக்குப் போடுவதில்லை, குத்தகைக்கு எடுப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தாள். ஏழு மால் ஏறி இறங்கினாள். ஏழிலும் கம்பெனி இருக்கிறதா, முன் அனுபவம் இருக்கிறதா என்று கேட்டு அனுப்பினார்கள். எட்டாவது பழைய கிள்ளான் சாலையில் இருக்கும் கெர்லிப் மால். நிர்வாகி மிஸ் சூ ஒல்லியான, அவசரமான சீனப் பெண். நடந்துகொண்டே பேசுவாள், பேசிக்கொண்டே கையெழுத்துப் போடுவாள். லோஷினி அவளுடன் மூன்று மாடி கூடவே நடந்து, ஆங்கிலம் பாதி மலாய் பாதியாகப் பேசி, நான்காவது மாடியில் சரி என்ற வார்த்தையை வாங்கிவிட்டாள்.

சரிக்குள் முள்ளும் இருந்தது. கூலி ஐயாயிரம் வெள்ளி. ஆனால் ஒரு காசு முன்பணம் கிடையாது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி, கடைக்கு வருகிறவர்கள் பார்க்கப் பார்க்கப் போட வேண்டும். மாலை ஆறு மணிக்கு டத்தோ பட்டம் வாங்கிய மால் முதலாளி வந்து விளக்கேற்றுவார். அதற்குள், காகிதத்தில் ஒப்புக்கொண்ட படத்தில் உள்ளபடி, நிறம்கூட மாறாமல், கோலம் முடிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கூலி இல்லை. பளிங்குத் தரையில் கறை படிந்தால் பிடித்துக்கொள்ள ஆயிரம் வெள்ளி வைப்புப் பணம் வேறு.

கூட்டு சேர இரண்டு பேரைப் பிடித்தாள். ஒருவன் ஜீவன், பொறியியல் மாணவன். வகுப்பு இல்லாத நேரமெல்லாம் மோட்டாரில் சாப்பாடு டெலிவரி. மோட்டாரின் இரண்டு டயரும் செயினும் மாற்ற அறுநூறு வெள்ளி சேர்த்து வைத்திருந்தான். இன்னொருத்தி ஃபர்ஹானா. மஸ்ஜித் இந்தியாத் தெருவில் அவள் வாப்பாவுக்குத் துணிக்கடை. சனிக்கிழமை கடையில் நின்றால் மகளுக்கும் மற்ற ஆட்கள் மாதிரியே சம்பளம். உடைந்துபோன மடிக்கணினித் திரையை மாற்ற நானூறு சேர்த்திருந்தாள். ஒரு சேலையை எட்டடி தூரத்தில் பார்த்து, இந்த ஓரத்துக்கு இந்த ரவிக்கை ஒத்துவராது என்று சொல்லிவிடும் கண் அவளுக்கு. லோஷினி தன் ஐந்நூறைப் போட்டாள். ஆயிரம் வைப்புக்குப் போனது, ஐந்நூறில் சரக்கு.

"போச்சுன்னா என்னாகும் லோஷு?" என்று ஜீவன் கேட்டான்.

"நீ மொட்ட டயர்ல ஓட்டுவ. இவ பாதி ஸ்கிரீன்ல படிப்பா. எங்கப்பா ஞாயித்துக்கிழம ஜொகூர் போவாரு. அதான் ஆகும், வேற ஒண்ணும் ஆகாது லா."

ஐந்நூறில் நூறு கிலோ அரிசி, சாயம், மற்றதெல்லாம். அய்யாவு மாதிரி ஆட்கள் நல்ல அரிசிக்கும் கடைச் சாயத்துக்குமே அதைப்போல் இரண்டு மடங்கு விடுவார்கள். லோஷினியின் மூளை வேலை செய்தது இங்கேதான். கிள்ளானில் ஒரு மொத்தக் கடையில் உடைந்த அரிசி மூட்டை மலிவாகக் கிடைத்தது. அது கொஞ்சம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. வெள்ளைக்கு ஒதுக்கியதை மட்டும் சுண்ணாம்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்தாள்; முல்லைப் பூ மாதிரி வெளுத்துவிட்டது. மஞ்சள்தான் கோலத்தில் பாதி. அதற்குக் கடைச் சாயம் எதற்கு என்று சமையல் மஞ்சள் தூளையே கரைத்து ஏற்றினாள். பளீரென்று வந்தது, காசும் மிச்சம். பச்சைக்கும் நீலத்துக்கும் மட்டும் சாயம் வாங்கினாள். பண்டமாரான் வீட்டுக் கார் போர்ச்சில் லோரி மூடுகிற கென்வஸ் துணியை விரித்து, மூன்று காற்றாடி வைத்து இரண்டு நாள் உலர்த்தினார்கள். அடுத்த வீட்டுக்காரர்கள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு சிக்கனமும் தனித்தனியே நல்ல சிக்கனம். அவை இரண்டும் ஒரே கோலத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரப் போவதை மட்டும் அவள் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை காலை எட்டரைக்கெல்லாம் சின்னையா ஒரு குட்டி லோரியில் மூட்டைகளை இறக்கிவிட்டுப் போனார். மகளிடம் நல்லது கெட்டது ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மூட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஈரம் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தரையில் பிளாஸ்டிக் விரித்து, அதன்மேல் ஃபர்ஹானாவின் வாப்பா கொடுத்த கறுப்புத் துணியை இழுத்துக் கட்டினார்கள். இருபத்து நான்கடி அகலம். நடுவில் ஐந்து முகக் குத்துவிளக்கு, அதைச் சுற்றிப் பதினாறு இதழ்த் தாமரை. ஒவ்வோர் இதழும் மஞ்சள், ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை. லோஷினி சுண்ணக்கட்டியால் கோடு இழுத்துக்கொண்டே போனாள். மற்ற இருவரும் பின்னாலேயே தூவினார்கள். பத்து மணிக்கு மால் திறந்து ஆட்கள் சூழ்ந்ததும் மூன்று பேருக்கும் கை இன்னும் வேகமெடுத்தது. ஒரு மலாய்க்காரக் குடும்பம் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டது. ஒரு சீனக் கிழவர் இது சமைத்த அரிசியா என்று கேட்டார். சமைக்காதது, ஆனால் போட்டவர்கள்தான் வெந்துகொண்டிருக்கிறோம் என்றான் ஜீவன். நேரம் போனதே தெரியவில்லை. மதியம் ஒரு மணிக்குள் பன்னிரண்டு இதழ் முடிந்தது. இரண்டரைக்குப் பதினாறும் முடிந்து விளக்கின் தண்டு எழும்பியது. இந்த வேகத்தில் போனால் ஐந்து மணிக்கே முடித்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து கால் நீட்டலாம்.

அப்போதுதான் முதல் மாடிக் கைப்பிடியில் சாய்ந்து, காப்பிக் குவளையோடு அய்யாவு நிற்பதை லோஷினி பார்த்தாள். தன்னிடம் எண்பது வெள்ளிக்குக் குனிந்த பெண் எப்படிக் குத்தகைக்காரி ஆனாள் என்று பார்க்க வந்திருக்கிறார் போல.

"தங்கச்சி, ஏர்கான் காத்து அடிக்குது பாரு. சில்லற அரிசி, பறந்துரும்" என்று மேலிருந்தே குரல் கொடுத்தார்.

அவர் சொன்னது மெய்தான். மதியத்துக்கு மேல் கூட்டம் கூடியதால் மாலில் குளிர்சாதனத்தைக் கூட்டிவிட்டிருந்தார்கள். உடைந்த அரிசிக்கு எடை இல்லை. இதழ் ஓரங்கள் மெதுவாக நகர ஆரம்பித்தன. ஜீவன் யோசிக்கவில்லை. டெலிவரிக்காரனுக்கு யோசிக்க நேரம் ஏது. செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற புட்டி ஒன்று கிடந்தது. அதில் தண்ணீர் பிடித்து, பனி மாதிரி மெல்ல, இதழ்களின் மேல் சுற்றி வரத் தெளித்துவிட்டான். அரிசி அடங்கியது. மூன்று பேரும் மூச்சு விட்டார்கள்.

ஐந்து நிமிஷம் இருக்கும். ஃபர்ஹானாவின் கண்தான் முதலில் பிடித்தது. வெள்ளையும் மஞ்சளும் சந்திக்கிற கோட்டில் ஒரு சிவப்பு. முதலில் நூல் மாதிரி. பிறகு விரல் மாதிரி. ஒரு இதழில் இல்லை, பதினாறிலும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது திட்டுத் திட்டாக மஞ்சளுக்குள் ஊறி இறங்கியது. கூட்டத்தில் ஒரு அங்கிள், "என்னம்மா, கோலத்துக்கு ரத்தம் வருது?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

மணி மூன்று பத்து.

ஜீவனுக்கு முகம் செத்துவிட்டது. துணியின் சாயம் ஏறுகிறது என்று அவன் சொன்னான். கறுப்புத் துணியிலிருந்து சிவப்பு எப்படி வரும், எங்கள் கடைத் துணி சாயம் போகாது என்று ஃபர்ஹானா அந்த நிலையிலும் சண்டைக்கு நின்றாள். அரிசி கெட்டுப்போய்விட்டது என்பது அவள் முடிவு. அள்ளிவிட்டு மறுபடி போடலாம் என்றால் மஞ்சள் அரிசி பாதி மூட்டைதான் மிச்சம். காகிதத்தில் மஞ்சளும் வெள்ளையும். தரையில் வெந்து போன புண் மாதிரி சிவப்பு. ஐயாயிரம் போயிற்று, ஆயிரத்து ஐந்நூறும் போயிற்று என்று இருவர் கண்ணிலும் எழுதியிருந்தது. அய்யாவு காப்பியை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

லோஷினி குனிந்து அந்தச் சிவப்பை விரலில் தொட்டாள். மோந்து பார்த்தாள். இந்தச் சிவப்பை அவளுக்குத் தெரியும். மண்டபம் மண்டபமாக எத்தனை மாப்பிள்ளைகளுக்கு முன்னால் இதைத் தட்டில் ஏந்தி மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறாள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டால் ஆலாத்தி. வீட்டுக்கு வீடு தெரிந்த சங்கதி. தெரிந்துகொண்டே, வெள்ளையைச் சுண்ணாம்பிலும் மஞ்சளை மஞ்சளிலும் முக்கியெடுத்து ஒன்றை ஒன்று தொட வைத்து, தண்ணீரும் தெளித்திருக்கிறார்கள். ஒரு விநாடி தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. மறு விநாடி சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவே முடியாமல் கோலத்தின் நடுவில் உட்கார்ந்து சிரித்தாள். மற்ற இருவரும் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தார்கள்.

"கெட்டுப்போல டி. இது ஆலாத்தி" என்றாள். "திட்டுத் திட்டா செவந்தா அசிங்கம். ஒரே மாதிரி செவந்தா டிசைன்."

அதற்குப் பிறகு அவள் பேசிய வேகத்துக்கு வேறு யாராவது இருந்தால் எழுதிவைத்துக்கொண்டுதான் வேலை செய்திருப்பார்கள். ஜீவன் உடனே பிரிக்பீல்ட்ஸ் போக வேண்டும். பூக்கடை வரிசையில் வெற்றிலை விற்கும் அக்காவிடம் ஈரச் சுண்ணாம்பு எத்தனை டப்பா இருக்கிறதோ அத்தனையும் வாங்கி வர வேண்டும். ஃபர்ஹானா கீழே கைவினைக் கடைக்குப் போய் அகலத் தூரிகை நான்கு. சனிக்கிழமை மூன்று மணிக்குப் பழைய கிள்ளான் சாலை எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கம் போனவர்களைக் கேளுங்கள். கார்கள் கோயில் வரிசை மாதிரி நிற்கும். ஜீவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "எத்தன நிமிஷம் பாஸ்?" என்றான்.

"முப்பது. லேட்டானா ஒரு ஸ்டார்தான் குடுப்பேன்."

இருபத்தெட்டு நிமிஷத்தில் வந்து நின்றான். மொட்டை டயரில். பதினோரு டப்பா சுண்ணாம்பு, பையெல்லாம் வெள்ளை. அந்த அக்கா, இவ்வளவு வெற்றிலை யார் போடப் போகிறார்கள் என்று கேட்டாராம். எங்கள் லெக்சரர் என்று சொல்லிவிட்டு வந்தானாம்.

இனி வேலையைப் பாருங்கள். சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, தூரிகையை நனைத்து, ஒவ்வோர் இதழின் நுனியிலிருந்தும் உள்நோக்கி லோஷினி மெல்ல உதறிக்கொண்டே வந்தாள். நுனியில் கெட்டியாக, உள்ளே வரவர லேசாக. தூரிகை உதறிய இடமெல்லாம் மஞ்சள் கண் முன்னே சிவந்தது; நுனியில் குங்குமச் சிவப்பு, நடுவில் ஆரஞ்சு, அடியில் பசும் மஞ்சள். திட்டுகள் எல்லாம் அதற்குள் கரைந்துபோயின. எங்கே நிறுத்த வேண்டும், எந்த இதழில் இன்னும் அரைக் கை வேண்டும் என்று ஃபர்ஹானா தள்ளி நின்று சொல்லச் சொல்ல, செத்த கோலத்துக்கு உயிர் வந்தது. கூட்டம் மூன்று வரிசை, நான்கு வரிசை. மேல் மாடிகளில் கைப்பிடி தெரியாத அளவுக்குத் தலைகள். ஓர் இதழ் சிவந்து முடியும்போதெல்லாம் பிள்ளைகள் கை தட்டின. சிரித்த அங்கிளே கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்தது எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அய்யாவு எப்போது கீழே இறங்கி வந்தாரோ தெரியாது, முதல் வரிசையில் நின்றார்.

ஐந்து ஐம்பதுக்கு விளக்கும் முடிந்தது. அதன் ஐந்து சுடர்களை மட்டும் லோஷினி தொடவே இல்லை. மிச்சமிருந்த அரை மூட்டையிலிருந்து எடுத்த சுத்தமான மஞ்சள் அரிசி. ஏன் விட்டாய் என்று ஃபர்ஹானா கேட்டதற்குப் பொறு என்று கண்ணைக் காட்டினாள்.

ஆறுக்கு மிஸ் சூ கையில் காகிதத்தோடு வந்தாள். கோலத்தைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள், மறுபடி கோலத்தைப் பார்த்தாள். படத்தில் சிவப்பு இல்லையே, இது நாம் ஒப்புக்கொண்டது இல்லையே என்று தாழ்ந்த குரலில், ஆனால் கத்தி மாதிரி கேட்டாள். ஜீவன் தரையைப் பார்த்தான். பின்னால் டத்தோ வந்துகொண்டிருந்தார், வெள்ளைத் தலையும் ஊன்றுகோலுமாக.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். லோஷினி தண்ணீர்ப் புட்டியில் சுண்ணாம்புத் தெளிவை ஊற்றி மூடி, நேராகப் போய் டத்தோவின் கையில் கொடுத்தாள். எண்ணெய் விளக்கை எல்லா மாலிலும் ஏற்றுவார்கள் டத்தோ, அரிசி விளக்கை நீங்கள் ஏற்றுங்கள் என்று மலாயில் சொன்னாள். கிழவர் புரியாமல் சிரித்துக்கொண்டே முதல் சுடரின் மேல் ஒரு அழுத்து அழுத்தினார். மூன்று விநாடி ஒன்றும் ஆகவில்லை. லோஷினியின் நெஞ்சு அந்த மூன்று விநாடியில் பண்டமாரானுக்குப் போய்த் திரும்பியது. பிறகு சுடரின் நடுவிலிருந்து சிவப்பு மலர்ந்தது. அரிசி தீப்பிடித்த மாதிரியே இருந்தது.

மால் அதிர்ந்தது என்று சொன்னால் மிகை இல்லை. டத்தோ குழந்தை மாதிரி இரண்டாவது சுடர், மூன்றாவது சுடர் என்று ஐந்தையும் தானே ஏற்றினார். புட்டியைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் வைத்துக்கொண்டு, நாளைக்கும் இப்படி வருமா என்று மிஸ் சூவைக் கேட்டார். மிஸ் சூ லோஷினியைப் பார்த்தாள். கையிலிருந்த காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் போட்டுவிட்டாள்.

வரும் என்றாள் லோஷினி. தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாள். தினமும் சுடர் அரிசியை மட்டும் மாற்றிவிட்டால் தினமும் ஆறு மணிக்கு விளக்கேற்றலாம். ஒரு நாளைக்கு இருநூறு தருகிறேன் என்றாள் மிஸ் சூ. இத்தனை கூட்டம் உங்கள் கடைகளில் சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகும், ஒரு நாளைக்கு நானூறு என்றாள் லோஷினி. ஜீவன் பின்னாலிருந்து காலால் இடித்தான், கிடைத்ததை வாங்கிக்கொள் என்று. அவள் அந்தக் காலை மிதித்துக்கொண்டே பேசினாள். முந்நூறில் முடிந்தது. ஐயாயிரத்துக்கும் அப்போதே கையெழுத்து. பிளாஸ்டிக்கை ஓர் ஓரத்தில் தூக்கிப் பார்த்துத் தரையில் கறை இல்லை என்று ஆயிரத்துக்கும் எழுதிக் கொடுத்தார்கள்.

அய்யாவு கிட்ட வந்து, தொழில் ரகசியத்தை இப்படிக் கூட்டத்தில் வைத்தா செய்வது என்று கடிந்துகொள்வது போலச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, அடுத்த வருஷம் நாலு மால் பேசியிருக்கிறேன், சேர்ந்து செய்யலாமா, பாதிக்குப் பாதி என்றார். யோசித்துச் சொல்கிறேன்ணே என்றாள் லோஷினி. எண்பது வெள்ளிக்காரி யோசித்துச் சொல்கிற இடத்துக்கு வந்துவிட்டாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த மரியாதை கொஞ்சம் அதிகப்படிதான், வேண்டுமென்றே வைத்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் மூன்று பேரும் விலைப் பட்டியலைப் பார்க்காமல் சாப்பிட்டார்கள். ஜீவன் கைப்பேசியில் டயர் விலை பார்த்துக்கொண்டிருந்தான். இதுவரை இரண்டாந்தரம் தேடினவன் இப்போது ஜப்பான் டயருக்குப் போய்விட்டான். ஃபர்ஹானா திரை மாற்ற வேண்டாம், கணினியே புதிதாக வாங்கினால் என்ன என்று ஆரம்பித்தாள். முழுசாகத் தின்னாதே, நாளைக்கு மஞ்சள் வாங்கக் காசு வேண்டும் என்று லோஷினி அவள் தட்டிலிருந்து ஒரு துண்டுக் கோழியை எடுத்துக்கொண்டாள். பிறகு எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் அப்பாவுக்கு அழைத்தாள்.

"அப்பா, பணம் வந்துருச்சு."

"எவ்வளவு?"

சொன்னாள். தினமும் முந்நூறு என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அந்தப் பக்கம் போன் எதிலோ இடிபடும் சத்தம் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று அவள் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். போகவில்லை. அவர் போனைக் கீழே இறக்கிவிட்டு, லோரி நிறுத்துமிடத்தில் யாரிடமோ உரக்கப் பேசுவது கேட்டது.

"நாளைக்கு ஜொகூருக்கு வேற ஆளப் பாரு பாலன். எனக்கு முடியாது. என் மக வேணாங்குறா."